யார்ட்லி மேட்டில் அத்தான் என்னை ‘அண்ணை’ என்றார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எப்பிங் காட்டுக்குள் வைத்து என் அத்தான் என்னை ‘அண்ணை’ என்று கூப்பிட்டார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அத்தான் என் அக்காவின் கணவர். வயதில் என்னைவிட நன்றாக மூத்தவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னைத் ‘தம்பி’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் எலக்ட்ரீஷியன். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து வால்தம்ஸ்டோவில் குடியேறியவர். ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு ஒரு கையால் போன் பேசுகிற ஆள். நானோ நாய் குரைத்தால் ரோட்டின் மற்றப் பக்கம் போகிறவன். வழக்கமாக இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

அவருக்கு சுகர். நடக்கச் சொன்னது டாக்டர். எனக்குத் தொப்பை. நடக்கச் சொன்னது மனைவி. ஆகவே, சிங்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு இருவரும் காட்டுக்குள் இறங்கினோம். ஒரு சுற்று நடந்து, திரும்பவும் காரடிக்கே வந்து சேருகிற பாதை. போனில் இருந்த ஆப் அதை ‘மிதமான பாதை’ என்றது. யாருக்கு மிதமானது என்று சொல்லவில்லை.

மரங்கள் பாதி இலை உதிர்த்துவிட்டன. சப்பாத்தை விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கிற சேறு. ஆள் நடமாட்டம் குறைவு. கொஞ்ச நேரத்தில் கார்ச் சத்தமும் நின்றுபோனது. லண்டனில் கார்ச் சத்தம் நிற்கும் இடமென்றால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்யும். அத்தான் முன்னால் போனார். நான் அவருடைய நீல ஜாக்கெட்டின் முதுகைப் பார்த்தபடி பின்னால் போனேன்.

“அத்தான், பாதை தெரியுமோ?”

“நடவும் தம்பி. காடு எங்கயும் ஓடிப்போகாது.”

அதுதானே என் கவலையே!

ஏறி ஏறி யார்ட்லி மேட்டின் முதுகுக்கு வந்தோம். அங்கே மரங்கள் விலகி, கண்முன்னே பள்ளத்தாக்கு திறக்கும். தெற்கே தூரத்தில், புகைக்குள் பென்சில் முனைகளாக லண்டன் கட்டடங்கள். நேர் கீழே, புல்வெளிக்கும் மரங்களுக்கும் அப்பால் ஒரு மெயின் ரோடு. ரோட்டுக்கும் அப்பால் நீர்த்தேக்கம் — சாம்பல் நிறத்தில், அசையாமல், நீளமாக.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். “அத்தான், இஞ்சால திரும்புங்கோ” என்றேன்.

அவர் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிரில் அவருடைய பிடரியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

“அத்தான்?”

மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார்... அறிமுகமில்லாத ஒருவனைப் பார்க்கிற பார்வை. பிறகு, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அண்ணை, ஆறு வந்திட்டுது.”

பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தான் பகிடி விடுகிறவர். ஆனால் அவருடைய உதடுகள் நடுங்கின.

“லைற்றை நூருங்கோ அண்ணை. அங்கால பொலிஸ் நிக்கும்.”

என் கையில் இருந்த போனைத்தான் அணைக்கச் சொல்கிறார். ஒரு மனிதர் கண்முன்னாலேயே நிற்கிறார், ஆனால் அங்கே இல்லை. இதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டுப் பின்னால் போனார். “அடிக்காதேங்கோ அண்ணை. நடக்கிறன். என்னை இதுக்குள்ள விட்டுட்டுப் போயிடாதேங்கோ.” அடுத்த நொடி ஏதோ ஜெர்மனில் முணுமுணுத்தபடி சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினார். கீழே தண்ணீரை நோக்கி. தண்ணீருக்கு முன்னால் அந்த ரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் பறக்கிற ரோடு.

நான் ஓடினேன். வாழ்க்கையில் நான் ஓடியது பஸ்ஸுக்கு மட்டும்தான். வழுக்கி விழுந்தேன், எழும்பினேன், மறுபடி ஓடினேன். அவர் காலை இன்சுலின் போட்டவர், நடக்கிற அவசரத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, சுகர் இறங்கிவிட்டது என்பது ஓடும்போதுதான் என் மண்டையில் ஏறியது. என் பையில் என்ன இருக்கிறது? பிளாஸ்கில் தேநீர். சீனி இல்லாத தேநீர். அவருடைய நன்மைக்காகவே சீனி போடாமல் என் மனைவி தந்தது.

மரங்களின் விளிம்பில் அவர் ஒரு வேரில் தடக்கி முழந்தாளில் விழுந்தார். அங்கேயே குந்திக்கொண்டார். நான் கிட்டப் போகப் போக, கைகளால் தலையை மூடிக்கொண்டார். என்னை அடிக்க வருகிறவனாகப் பார்க்கிறார். எனக்குப் பயப்பட்ட முதல் ஆள் என் அத்தான்தான்.

அந்த நேரம், ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் புல்வெளியால் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் சொல்லி முடிக்க முன்னமே 999 அடித்தாள். போனைக் காதில் வைத்தபடி, ஓடுபவர்கள் களைப்புக்குக் குடிக்கிற இனிப்புக் கூழ்ப் பாக்கெட் ஒன்றை இடுப்புப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். விழுங்க ஏலுமென்றால் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றாள்.

கிழித்து நீட்டினேன். அத்தான் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“நித்திரை மருந்தோ அண்ணை?”

“இல்லை அத்தான், இனிப்பு. குடியுங்கோ.”

“வேண்டாம். எனக்கு நித்திரை வந்தா நீங்கள் போயிடுவியள்.”

அத்தான் என்று கூப்பிடுவதில் பயனில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்கு நான் தம்பி இல்லை. அவரை எந்தக் காலத்திலோ, எந்தக் காட்டுக்குள்ளோ களவாக எல்லை கடத்திக் கூட்டிக்கொண்டு போன ஏஜென்ட். சரி... ஏஜென்ட்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன். பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டை என் நாக்கில் விட்டுக் காட்டினேன். பிறகு, என் குரலில் இல்லாத ஒரு அதட்டலை வரவழைத்துச் சொன்னேன்:

“இந்தா, நானும் குடிச்சிட்டன். குடிச்சாத்தான் நடக்க ஏலும். நடந்தாத்தான் கூட்டிக்கொண்டு போவன். குடியும்.”

“விட்டுட்டுப் போகமாட்டியள்தானே?”

“மாட்டன்.”

“நேசனுக்கும் அப்பிடித்தானே சொன்னியள்.”

பாக்கெட்டை அவருடைய உதட்டடிக்குக் கொண்டுபோனேன். அவர் குடித்தார். பயத்தில் குடித்தார். அந்தப் பெண் இன்னொரு பாக்கெட் தந்தாள். அதையும் குடித்தார். நான் அவருடைய ஜாக்கெட்டின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். காகம் கத்தினாலும் என் உடம்பு தூக்கிப் போட்டது.

கடைசியில் அவருடைய கண்கள் திரும்பி வந்தன. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். சேறு பூசிய தன் காற்சட்டையைப் பார்த்தார்.

“என்ன தம்பி, ஏன் அழுறீர்?”

அந்த ‘தம்பி’யைக் கேட்டபிறகு இன்னும் அழுதேன்.

மெதுவாக ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போனோம். அம்புலன்ஸ் வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள், பிஸ்கட் சாப்பிட வைத்தார்கள், கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஓடிவந்த பெண் கடைசிவரை நின்றுவிட்டு, கையசைத்துவிட்டு மறுபடி ஓடிப்போனாள். அவளுடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

டாக்சியில் காரடிக்குத் திரும்பும்போது கேட்டேன். “அத்தான், நேசன் ஆர்?”

‘நான் என்ன சொன்னனான்?’ என்று அவர் கேட்கவில்லை.

“என்னோட வந்தவன்” என்றார். “ஜெர்மனிக்குப் போகேக்க, எல்லையில ஒரு ஆறு. இரவு. எல்லாரும் இறங்கினம். அவனுக்கு நீந்தத் தெரியாது. கயிறு இருக்கு, விடமாட்டன் எண்டு ஏஜென்ட் சொன்னவன். நான் அங்கால ஏறித் திரும்பிப் பார்க்கிறன், அவன் இல்லை. கூப்பிட்டா பொலிஸ் வரும் எண்டு ஏஜென்ட் என்ர வாயைப் பொத்தினவன்.”

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரோடு ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடுகிறோம், அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். தைரியசாலி என்று பட்டம் வேறு கொடுக்கிறோம். நம்மில் எத்தனை பேர் பயமில்லாதவர்கள்? எத்தனை பேர் பயத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்? அத்தான் காட்டுக்குள் முன்னால் நடந்தது பயமில்லாமலா... இல்லை, பின்னால் வருகிறவனாக இருக்கப் பயந்தா? கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வாரம் அவரே அக்காவுக்குச் சொல்லிவிட்டார். பிறகு அக்கா எனக்குப் போன் எடுத்து, அவருடைய எல்லா ஜாக்கெட் பொக்கற்றுகளிலும் குளுக்கோஸ் வைத்துத் தைத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

இதை எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். யோசித்தார்.

“எழுதும். என்ர பேரைப் போடவேண்டாம். அவன்ர பேரைப் போடும். எங்கயும் எழுதப்படாத பேர் அது. முழுசாப் போடும்.”

சிவநேசன்.