வசனம் சொல்லாத ஞாயிறுகள்

மூன்றரை வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையோடு ஒரு தாய் எந்த மொழியில் பேச வேண்டும்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வி மனதில் எழும்போதெல்லாம், நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் பெப்பர்மிண்ட் இனிப்பின் வாசமும் கலந்து என் மூக்கில் ஏறுகின்றன.

அது மெல்பேர்னின் வாசமல்ல. இன்று அந்த நகரின் கிளென் வேவர்லியில் வாழும் நான், ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரை வளர்ந்தது வட வேல்ஸில் ஒரு சின்னக் கிராமத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட அப்பாவுக்கு, வேறு டொக்டர்மார் போக விரும்பாத இடம் என்பதால் அந்த ஊர் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எழுதுகிற சிலேட்டு ஒரு முழு மலையாக நிற்பதை நான் அங்கேதான் கண்டேன். கூரை, வாசற்படி, வேலி, கல்லறை எல்லாமே அந்தக் கருநீலக் கல். அதை வெட்டுவதற்காக வந்தவர்கள் கட்டிய ஊர் அது. கடையிலும் பள்ளியிலும், ஆட்டை மறிக்கும் நாயிடமும்கூட வெல்ஷ் மொழிதான் பேசுவார்கள். ஆங்கிலம், விருந்தாளி வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து எடுக்கும் நல்ல கோப்பையைப் போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ச்சின் முன்பக்கம் போய் வரிசையாக நின்று, ஆளுக்கொரு வேத வசனத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்த வசனத்தை "அட்னொட்" என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் போனதால் நானும் போனேன். சமைக்கும் குசினி மூலையில் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி வந்த அம்மா தயங்க, அப்பா சிரித்தார். "சாமியிட்ட வசனம் சொல்லப் பாஸ்போட்டே கேக்கினம்? போகட்டும் விடும்."

போனேன், ஆனால் பேசவில்லை. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வந்த எனக்கு அந்தக் குளிர் மாரி முழுவதும் வாய் திறக்கவில்லை. போதகர் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குனிந்து காதைக் கொடுப்பார். என் முறை வரும்போதும் அப்படியே குனிவார். யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். பெப்பர்மிண்ட் சுற்றிய தாள் சரசரக்கும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. அத்தனை பேரும் காத்திருப்பார்கள். பிறகு போதகர், "சரி, அடுத்த ஞாயிறு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்வார்.

மனப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் கைகொடுப்பது, வேதத்திலேயே மிகச் சிறிய வசனம் ஒன்று. பக்கத்து வீட்டு இவான் மாமா, "கடவுளுக்கே அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும்" என்பார். (அவர்களுடைய வெல்ஷ் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) பனி கரைந்த ஒரு ஞாயிறு நான் அந்தச் சின்ன வசனத்தைச் சொன்னேன். அங்கே கைதட்டுவதில்லை. இவான் மாமா மட்டும் ஊதுகுழல் போல மூக்கைச் சிந்தினார். வெளியே வந்ததும், என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம், "மாரி முழுக்க யோசிச்சு இதைத்தானோ தேடிப் பிடிச்சவள், டொக்டர்?" என்று கேட்டார்.

அவர் குவாரியில் கல் பிளந்தவர். அந்தத் தூசியால் நெஞ்சு கெட்டு அப்பாவிடம் மருந்தெடுத்தவர். சிறுவயதில் ஆங்கிலம் போதாமல் பரீட்சையில் தவறியதால்தான் குவாரிக்குப் போனாராம். அதற்கும் முந்திய காலத்தில், பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். தன் மகனுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் வேண்டாமென்று அவரும் மனைவி மென்னா அன்ரியும் வீட்டில் ஆங்கிலமே பேசி, சின்ன வயதிலேயே இங்கிலாந்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். மகன் கெரத் பெரிய இன்ஜினியர் ஆனார்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது இவான் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு ஓரளவு திரும்பியது, ஆனால் ஆங்கிலம் திரும்பவில்லை. கெரத் வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பள்ளி விட்டதும் நான் மென்னா அன்ரி வீட்டில்தான் நிற்பேன் என்பதால் அன்றும் வாசலில் நின்றேன். மாமா மகனைப் பார்த்து வெல்ஷில் ஒன்று சொன்னார், திரும்பவும் சொன்னார். விளங்காமல் மகன் மென்னா அன்ரியைப் பார்த்தார். அவர் யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தார். நோயாளிகளோடு கதைத்துக் கதைத்து வெல்ஷ் பழகியிருந்த அப்பாதான், நாடி பார்த்தபடியே ஆங்கிலத்தில் சொன்னார்: "வெளியில மழையாம். கோட்டைப் போடச் சொல்லுறார்."

தகப்பன் சொன்னதை மகனுக்கு ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் மொழிபெயர்த்தார். கெரத் எழுந்து போய்க் கொழுவியில் இருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெப்பமான அறையில் பொழுதுபடும்வரை அப்படியே இருந்தார்.

பிறகு மென்னா அன்ரி எங்கள் குசினியில் அம்மாவிடம் சொன்னார்: "நல்லதெண்டுதான் செய்தனாங்கள். பெடியனுக்கு எல்லாம் கிடைச்சது, அதையும் சொல்ல வேணும்."

அம்மா தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். "கெடுதல் நினைச்சு எந்தத் தாய்தான் செய்யிறாள்?"

இப்போது இவான் மாமாவும் இல்லை, மென்னா அன்ரியும் இல்லை. அந்தச் சேர்ச் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடாகிவிட்டதைப் போனில் படமாகப் பார்த்தேன்; பிள்ளைகள் வரிசையாக நின்ற இடத்தில் ஒரு நீளமான சோபா. என் வெல்ஷும் போய்விட்டது. பேச ஒருவரும் இல்லாததால் அது எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

தை மாதக் கடைசியில் மகள் கயலுக்குக் கிண்டர், அதாவது பாலர் பள்ளி, தொடங்குகிறது. பேச்சுப் பயிற்சி தரும் பெண், வீட்டு மொழியை நிறுத்தத் தேவையில்லை, உங்களுக்கு இயல்பாக வருவதையே பேசுங்கள் என்கிறார். கணவருக்கு மனம் ஆறவில்லை. அகதியாக வந்து, இங்கே ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் ஒன்றும் விளங்காமல் இருந்த பிள்ளை அவர். "எனக்கும் தமிழ் விருப்பம்தான். ஆனா நான் இருந்தமாதிரி அவள் இருக்கக் கூடாது. கொஞ்சக் காலத்துக்கு இங்கிலீசு மட்டும் கதைப்பம்" என்கிறார். அவர் சொல்லும்போது அது சரியாகப் படுகிறது. கயலைக் குளிக்க வார்க்கும்போது என் வாயில் தமிழ்தான் வருகிறது, அதுவும் சரியாகப் படுகிறது. ஒருவேளை, இவான் மாமாவின் கதையை என் பயத்துக்குச் சாட்சியாக இழுக்கிறேனோ என்றும் யோசிக்கிறேன். கெரத் நன்றாகத்தானே வாழ்ந்தார்?

கிண்டர் தொடங்கு முன் முடிவெடுப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். பேசப் பிந்திய பிள்ளையை இரண்டு மொழி வீட்டில் வளர்த்தவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது, உங்களோடு என்ன பேசுகிறது? "நாங்கள் தமிழை விட்டுவிட்டோம், பிள்ளை சந்தோசமாக இருக்கிறது" என்பதுதான் உங்கள் பதில் என்றால், எனக்காக அதை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.