புருஷோத்தமன் வைத்த புள்ளி

பாதிக் கடுகளவு இருக்கும் ஒரு படிகம். அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கை ஒட்ட வேண்டும். வெளிக் கம்பிகள் இரண்டும் மின்சாரம் போக, உள் கம்பிகள் இரண்டும் அளக்க. பல்குச்சி முனையில் வெள்ளிப் பசையைத் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற காரியம். திருப்பதியில் அந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரே ஆள் புருஷோத்தமன்தான். பெரிய படிப்புப் படித்தவர்கள் முயன்று பார்த்து, கம்பியைத் தொலைத்ததுதான் மிச்சம்.

நாகலாபுரம் பக்கத்தில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் கூலிக்குப் போன ரங்கையாவின் மூத்த மகன் அவர். ஐ.டி.ஐ. முடித்தார், சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு ஒப்பந்த ஊழியராக இங்கே வந்தார். வந்து பதினான்கு வருடம். அதற்குள் அந்தக் கூடத்திலிருந்து முப்பது கட்டுரைகள் வெளியாகிவிட்டன. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல ஒரு பத்தி உண்டு. பணம் தந்த துறைக்கு நன்றி, ஹீலியம் தந்தவர்களுக்கு நன்றி. கம்பி ஒட்டியவனுக்கு? மூச். அந்தப் பத்தியில் ஒரே ஒரு தடவை தன் பேர் வரவேண்டும் என்பது புருஷோத்தமனின் ஆசை. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதினவன் பேரைக்கூட மைக்கில் சொல்கிறார்கள், இதென்ன அநியாய ஆசையா?

அப்போதுதான் ஹரிபிரசாத் ஆராய்ச்சி மாணவனாக வந்தான். சித்தூர்க்காரன், வாய் இனிக்கப் பேசுவான். அவன் எடுத்துக்கொண்டது டோபாலஜிக்கல் செமிமெட்டல் என்கிற பொருள். மின்சாரம் போகும் திசையிலேயே காந்தப் புலத்தையும் வைத்தால், அந்தப் பொருளில் மின்தடை குறைய வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால், உள்ளே ஓடும் எலக்ட்ரான் தனி ரகம் என்று உலகத்துக்கே அறிவித்துவிடலாம். இரண்டு வருடம் அளந்தான். குறைவேனா என்றது.

அதுவரை பசையைப் படிகத்தின் அகலம் முழுக்கக் கோடாக இழுப்பதுதான் புருஷோத்தமனின் வழக்கம். ஒரு நாள் அவருக்கே கை அரித்தது. கோடு எவன் வேண்டுமானாலும் இழுப்பான், புள்ளி வைக்கத்தானே கை வேண்டும்? யாரும் கேட்காமலே நான்கு புள்ளி வைத்தார், மின்சாரத்துக்கு இரண்டு நடுவில், அளக்க இரண்டு ஓரத்தில், கண்ணுக்கே தெரியாத புள்ளி.

"இன்னாண்ணா, கோலம் போட்டா மாதிரி கீது" என்றான் ஹரிபிரசாத்.

அன்றைக்கு மின்தடை குறைந்தது. புள்ளியை இன்னும் சின்னதாக வைத்தால் இன்னும் குறைந்தது. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும். பேராசிரியர் வெங்கடரமணனும் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. வேண்டியது கிடைத்த பிறகு எவன் சந்தேகப்படுவான்? "அதே மாதிரி, அதவிட சின்னதா வைங்கண்ணா" என்று ஹரிபிரசாத் ஒன்பது படிகம் கொண்டுவந்தான். ஒன்பதுக்கும் வைத்துக் கொடுத்தார்.

"சார், இந்தத் தபா நன்றி சொல்ற எடத்துல என் பேரு..." என்று வெங்கடரமணனிடம் இழுத்தார்.

"தப்பகுண்டா, புருஷோத்தம். கண்டிப்பா போடலாம்."

கட்டுரை வந்தது. அவர் பேர் வரவில்லை. "எடம் பத்தலண்ணா" என்றான் ஹரிபிரசாத், டாக்டர் பட்டம் வாங்கி ஜெர்மனிக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம். மனைவி பத்மினியிடம் புருஷோத்தமன், "அடுத்ததுல வரும்" என்றார். பதினான்கு வருடமாக அவள் கேட்டுப் பழகிய பதில்தான்.

அடுத்து வந்த மாணவி ஹர்ஷினி. எதையும் இரண்டு தடவை அளக்கிற பெண். ஓரத்தில் இருந்த அளக்கும் கம்பிகளைப் படிகத்தின் நடுவுக்கு மாற்றி ஒட்டச் சொன்னாள். அங்கே மின்தடை குறையவில்லை, ஏறியது. பாவம், புருஷோத்தமனிடம்தான் முதலில் வந்து சொன்னாள்.

"அண்ணா, கரண்ட் உள்ள போற எடம் ரொம்பச் சின்னதா கீது. காந்தம் போட்டா பரவாம நடுவுலயே ஓடிப்பூடுது. ஓரத்துல அளந்தா கொறைஞ்ச மாதிரி காட்டுது."

அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. "மடைய அகலமா வெட்டாம எலி வளையாட்டம் வுட்டா, தண்ணி ஒரே கோடா ஓடும். ஓரத்துல நின்னு பாத்தா காஞ்சிகினு கெடக்கும். அதானம்மா?"

அதேதான். அந்த ஒன்பது படிகத்தையும் எடுத்துப் புள்ளியைத் துடைத்து, அகலக் கோடாக இழுத்துக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அவரேதான். கை நடுங்குகிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றில்கூட மின்தடை குறையவில்லை. தான் பெருமைப்பட்ட வேலை பொய் சொல்லியிருக்கிறது என்பதைத் தன் கையாலேயே நிரூபித்துவிட்டு, அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பியாக வேண்டும். வெங்கடரமணன் எழுதினார். புள்ளியை இன்னும் சின்னதாக வை என்று சொன்ன ஹரிபிரசாத்தின் பேச்சு அதில் இல்லை, சரிபார்க்காத தன் பேச்சும் இல்லை. மின் இணைப்புகளைத் தொழில்நுட்ப உதவியாளர் ஆர். புருஷோத்தமன் தவறாக அமைத்ததால் நேர்ந்த பிழை என்று ஒரே வரி. இடம் பற்றாத பேருக்கு இப்போது இடம் இருந்தது. இளிச்சவாயன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள்.

ஹர்ஷினி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, அனுமதி கேட்காமல் பேராசிரியரின் அறைக்குள் போனார்.

"மொத புள்ளி நான் வெச்சது சார், இல்லன்னு சொல்லல. அப்பாலிக்கு சின்னதா வை, சின்னதா வைன்னு யாரு சொன்னாங்க? காணிப்பாக்கத்துக்கு வாங்க. கொளத்துல முழுகிட்டு, புள்ளையாரு முன்னால ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுவோம்."

வெங்கடரமணன் சிரித்தார். "இதி சயின்ஸ், புருஷோத்தம். இதுல சத்தியம் எங்க வந்துச்சு? வெறும் ஃபார்மாலிட்டி. ஏமி அனுகோவத்து."

தப்பாக நினைக்காதே என்றாராம். மனசு எப்படி எரிந்திருக்கும். அந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

குறிப்பு வெளியான அன்று ஹர்ஷினி அதை அவருடைய போனுக்கு அனுப்பினாள், கீழே மன்னிப்பும் கேட்டிருந்தாள். புருஷோத்தமன் குளித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தவள் பத்மினி. தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். புருஷன் பேரைக் கூட்டி முடித்தாள். அதற்கு மேல் படிக்க அவளுக்கு என்ன இருக்கிறது?

அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, குடும்ப குரூப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தாள். "தோ பாரு, உன் பேரு வந்துட்ச்சி. நான் சொன்னேன்ல, என்னிக்காவது ஒரு நாளு வரும்னு" என்றாள். கண் கலங்கியிருந்தது. வேலை போன வீட்டில் பல நாள் கழித்து அவள் சிரித்தாள். கைகூப்புகிற படங்களும் மாலைகளும் போனில் வந்துகொண்டே இருந்தன. படித்தவன் ஒருத்தன்கூடவா அந்தக் கூட்டத்தில் இல்லை? இருந்தான், தம்பி கோபிகிருஷ்ணன். அவனும் பேரைத் தாண்டிப் போகவில்லை. நாகலாபுரத்திலிருந்து உடனே கூப்பிட்டான்.

"அண்ணா, பஸ் ஸ்டாண்டாண்ட ஃபிளெக்ஸ் வெக்கிறோம். நம்ம தெருவுல இப்டி யாரு பேரு வந்துகீது? நைனா அழுதுகினு கீறாரு. உன் பேருக்குக் கீழ இன்னா போடறது? சயின்டிஸ்ட்டுனு போடட்டா?"

புருஷோத்தமன் வாயைத் திறந்தார். பத்மினி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கீழ ஒன்னியும் வாணாம்டா. பேரு மட்டும் போடு" என்றார்.