அலையாத்திக் கன்று நட்டவர்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கன்று நட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சேறு. ஒவ்வொரு கன்றையும் நட்டு முடித்ததும், "வர்றேங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டே நகர்ந்தார்.

"செடிக்கு எதுக்கும்மா இவ்வளவு மரியாதை?" என்று சிரித்தேன்.

"புயல்ல எங்க வீட்டுக்காரர் இங்கதான் போனாரு சார். உடம்பு கிடைக்கல. இந்தச் சேத்துலதானே கலந்திருப்பாரு? எந்தக் கன்னு தழைச்சாலும் அவருதான்."

அவர் முகம் தெளிவாக இருந்தது. கல்லூரியில் இருபது வருடமாகத் தத்துவம் நடத்துகிறவன், என் சிரிப்பை மடக்கிக்கொண்டேன்.

"நீங்களும் ஒண்ணு நட்டுப் பாருங்க சார்" என்று ஒரு கன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு குனிந்தேன். அந்தச் சேற்றில் விரலை அழுத்த எனக்குத் துணிவு வரவில்லை.