அளவாய் விட்ட காற்று

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் மகள் வயிற்றுப் பேத்தி. ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டாள்.

மகள் ரத்தக்கொதிப்பு இறங்காமல் வேறு வார்டில் கிடந்தாள். அதனால் தேனி ஆஸ்பத்திரியில் குழந்தையை நெஞ்சோடு போட்டுச் சூடு கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. மூன்று கொத்துப் பன்னீர்த் திராட்சைக் கனம் இருப்பாள். துணியால் சுற்றி என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த அறையில் பொழுது தெரியாது. நீல வெளிச்சம். மிஷின்கள் தவளை மாதிரி விட்டு விட்டுக் கூப்பிடும். கண் சொருகினால் கம்பத்தில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் இருப்பது போலவே இருக்கும். மூச்சு அவளுடையதா என்னுடையதா என்று பிரிக்க முடியாது.

அவள் மூக்கில் காற்றுக்குழாய். காலில் கட்டிய சிவப்பு விளக்கு, ரத்தத்தில் எவ்வளவு காற்று சேர்ந்திருக்கிறது என்று மிஷினில் எண் காட்டும். எண் ஏறினால் எனக்குச் சந்தோஷம். ஏறியதுமே நர்ஸ் வந்து காற்றைக் குறைத்துவிடுவாள். கடமலைக்குண்டுக்காரி, வாய்த்துடுக்கு. பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏத்தா, பச்சப்பிள்ளைக்கு விடுற காத்துலயுமா கஞ்சத்தனம்? எங்க வீட்ல சொன்னா லாரியில கொண்டாந்து இறக்குவாக.”

“இறக்குவாக, இறக்குவாக. பெறகு பிள்ளைக்குக் கண்ணு யாரு கொண்டாந்து இறக்குவாக?”

அவள் பக்கத்தில் குனிந்தாள்.

“கொறமாசப் பிள்ளை அம்மாச்சி. கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரைக்கும் வளரல. காத்து கூடுனா வளர்ச்சி நின்னு, பெறகு கண்டமேனிக்குப் புதுக்குழாய் கிளம்பும். பார்வையவே கெடுத்துரும். கொறஞ்சா உசுருக்கு ஆகாது. அதான் அளவா வைக்கிறோம்.”

தண்ணீர் மிஞ்சிப் பந்தலை விட்டு ஓடுகிற கொடியை எத்தனையோ கிள்ளியிருக்கிறேன். கண்ணுக்குள் எந்த விரல் போகும்? அதற்குப் பிறகு எண் ஏறினால் நானே கூப்பிட்டேன்.

“ஏத்தா, ஏறுது பாரு.”

“சம்பளம் போடச் சொல்லவா அம்மாச்சி?”

மாதம் முடியுமுன் கண் டாக்டர் வந்தார். சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்குக் கட்டிப் பார்த்தார். குழாய் தப்பாகப் போகவில்லை, ஆனால் ஓரத்தையும் தொடவில்லை. தொடுகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறாமல் வர வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் பஸ்ஸில் போய் வந்தோம்.

“பிள்ளை நல்லாத்தான முழிச்சுப் பாக்குது, எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார் சம்பந்தியம்மா.

“உள்ள என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்?” என்றேன்.

வீரபாண்டி தாண்டும்போது ஆற்றுக்காற்றில் என் கண் சொருகும். மடியில் அவள். மூடிய அந்த இமைக்குள் ஒரு கொடி மெல்ல, மெல்ல, நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு தை மாதக் காலையில் டாக்டர் விளக்கைக் கழற்றினார்.

“ஓரம் வரைக்கும் வந்திருச்சும்மா. இனி வருசத்துக்கு ஒருக்கா காட்டுனாப் போதும்.”

வாசலுக்கு வந்து அவளை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மருந்து விட்ட கண் கூசி, முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். வெளிச்சம் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

எழுத்துக்கூட்டி இவ்வளவையும் நானே எழுதியிருக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா என்று, இப்போது பள்ளிக்கூடம் போகிற பேத்திதான் சொல்ல வேண்டும்.

“ஏத்தா, இங்கன வா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, அம்மாச்சி எழுதுனத மொதல்ல இருந்து வாசி. ஓடாத, மெதுவா வாசி.”