ஊருக்குப் போகாத ஆள்

டெக்ஸாஸின் காப்பெலில் மெஹர் நிஷாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பூண்டுக் குழம்பு அவள் வீட்டிலிருந்துதான் போகும். புதிதாக வந்து இறங்கிய பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். எல்லார் வீட்டு விஷயமும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு விஷயம் ஒன்று மட்டும் மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. மகள் மலீஹாவுக்கு இதயத்தில் ஓட்டை.

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது கண்டுபிடித்தார்கள். தானாக மூடிக்கொள்ளலாம், பார்ப்போம் என்றார் டாக்டர். மூடவில்லை. 2008-இல், நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், இனிமேல் காத்திருக்க முடியாது, நெஞ்சைத் திறந்து தைப்பதுதான் வழி என்று சொல்லி நவம்பரில் தேதி கொடுத்தார்கள்.

மெஹர் காரியத்தில் இறங்கினாள். தையல் போட்ட பிறகு தலை வழியாகச் சட்டை மாட்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளாகத் தேடி வாங்கினாள். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் சொன்னாள். பஸ் ஓட்டுகிறவளிடம் சொன்னாள். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவரிடம்கூட வேலியோரம் நின்று விவரமாகச் சொன்னாள். தமிழ் பேசுகிற ஒருவரிடமும் சொல்லவில்லை.

"டீச்சருக்குத் தெரியலாம், நம்ம ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதா?" என்று கேட்டார் கணவர் ஹாஜா நஜ்முதீன்.

"டீச்சர் வீட்லேருந்து யாரும் பொண்ணு கேட்டு வரப் போறதில்ல."

"அவளுக்கு ஆறு வயசு, மெஹர்."

"நம்ம ஆளுங்க இருபது வருஷம் ஞாபகம் வச்சிருப்பாங்க. ஜுலைகா ஆன்ட்டி காதுல விழுந்தா போதும்."

ஜுலைகா ஆன்ட்டி தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுப்பவர். டெக்ஸாஸில் பாதித் தமிழ் முஸ்லிம் கல்யாணங்கள் அவர் போன் வழியாகத்தான் நடந்தன.

ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்படலாம் என்றார்கள். ரத்த வங்கியில் இருக்கிறது, கவலை இல்லை. ஆனால் தெரிந்தவர்கள் யாராவது கொடுத்தால் இந்தக் குழந்தை பேருக்கே எடுத்து வைப்போம் என்றும் சொன்னார்கள். மெஹர் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். மகள் உடம்பில் ஏறப்போவது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவளும் ஹாஜாவும் ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்த பெண், கடந்த ஒரு வருடத்தில் நாட்டை விட்டு வெளியே போனீர்களா என்று கேட்டாள். ஜூலை முழுக்கக் கீழக்கரையில் இருந்தோம் என்றாள் மெஹர். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். இந்தியா மலேரியா உள்ள நாடு, போய்வந்து ஒரு வருடம் ஆக வேண்டும் என்றாள். எங்கள் தெருவில் யாருக்கும் மலேரியா வந்ததில்லை என்று ஹாஜா வாதாடிப் பார்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஒன்றும் மாறவில்லை.

காருக்குள் வந்த பிறகும் ஹாஜா வண்டியைக் கிளப்பவில்லை. இருவரும் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்கள். கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் எல்லாரும் ஊருக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். போகாதவர்கள் இந்த வருடம்தான் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களும் ஆக மாட்டார்கள்.

"செல்வராஜ்," என்றார் ஹாஜா.

செல்வராஜ் கரூர்க்காரர், இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, வெளியே போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று நாலு வருடமாக ஊர்ப் பக்கமே போகாதவர். தங்கை கல்யாணத்தை டிவிடியில் பார்த்தவர். அவருடைய மனைவி கண்மணியும் மெஹரும் ஒரு காலத்தில் நெருக்கம். மகள்கள் மலீஹாவும் யாமினியும் ஒரே வகுப்பு. போன வருடம் யாமினியின் பிறந்த நாளுக்கு மலீஹாவை அனுப்பாததிலிருந்து கண்மணி போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

"கண்மணி வேண்டாமே," என்றாள் மெஹர்.

"வேற யாரு இருக்கா, சொல்லு."

மறுநாள் மெஹர் தனியாகப் போனாள்.

"வாங்கக்கா," என்று கதவைத் திறந்த கண்மணி, "வழி மறந்திருக்குமே, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

மெஹர் உட்கார்ந்தாள். "தம்பி கடைசியா எப்ப ஊருக்குப் போச்சு?"

"நீங்களும் வெறுப்பேத்தறதுக்குன்னே வந்தீங்களா?"

மெஹர் சொன்னாள். சுருக்கமாக, பஸ் ஓட்டுகிறவளிடம் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தாள். தமிழில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. கண்மணி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப யாமினி பர்த்டேக்கு வராதது?"

"அங்க காத்தடிச்ச மெத்தைல பிள்ளைங்களக் குதிக்க விடுவாங்கல்ல. குதிச்சா அவளுக்கு மூச்சு வாங்கும். நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துருவா. எல்லாரும் பாப்பாங்க."

"நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? எங்க வீட்டுக் கறி ஹலாலா இருக்காதுன்னு வரலைன்னு நெனச்சேன். அதுக்குன்னே இவர ரிச்சர்ட்சன் வரைக்கும் டிரைவ் பண்ண வச்சு ஹலால் சிக்கன் வாங்கியாந்தேன். நீங்க கேட்டா காட்டலாம்னு பில்லகூட ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்தேன்."

"கேட்டிருக்கலாமே, கண்மணி."

"நீங்க சொல்லியிருக்கலாமே, அக்கா."

கண்மணி டீயை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது நம்ம ரெண்டு வீட்டோட இருக்கட்டும்," என்றாள் மெஹர்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மலீஹாவுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. வெளிய சொல்லாதேன்னும் சொல்லியாச்சு."

"அவ என்ன சொன்னா?"

"'டிட் ஐ டூ சம்திங் பேட்?'னு கேட்டா."

"நீங்க?"

"சாப்பிடுன்னேன்."

கண்மணி காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செல்வராஜ் சனிக்கிழமை ஹாஜாவோடு போனார். குழந்தைக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை, பி பாசிட்டிவ். "ஊருக்குப் போகாததுக்கு இந்த நாட்டுல ஒரு எடத்துலயாவது மரியாதை இருக்குதே, பாய்," என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். முடிந்ததும் அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, இன்னொரு பாக்கெட்டும் கேட்டு வாங்கி யாமினிக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை. காலையில் மலீஹாவைச் சக்கரம் வைத்த கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைதான் கூடப் போகலாம். கதவைச் சாத்தியதும் மெஹரின் கைப்பையில் போன் அடித்தது. ஜுலைகா ஆன்ட்டி.

"நேத்து கிளாஸுக்குப் பிள்ளைய அனுப்பலியேம்மா. எங்கயாச்சும் போயிருந்தீங்களா?"

ஆமாம், ஆஸ்டின் வரைக்கும் போயிருந்தோம் என்று சொன்னால் முடிந்தது. மெஹர் வாயைத் திறந்தாள். சாத்திய கதவைப் பார்த்தபடியே, "ஆஸ்பத்திரில இருக்கேன் ஆன்ட்டி," என்றாள். "மலீஹாவுக்கு ஹார்ட்ல ஓட்டை. ஆபரேஷனுக்கு இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க."

அந்தப் பக்கம் ஆன்ட்டி யாரிடமோ டிவியை அணைக்கச் சொல்வது கேட்டது.

"எப்போலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

"எங்கிட்ட சொல்லல."

"யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி."

"எந்த மாடி? நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?"

போனை வைத்ததும் ஹாஜா, "மத்தியானத்துக்குள்ள நியூஜெர்ஸி வரைக்கும் போயிரும்," என்றார்.

"போகட்டும்," என்றாள் மெஹர்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தபோது காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. கண்மணி தயிர்சாதத்தோடு வந்திருந்தாள். ஜுலைகா ஆன்ட்டி தன் மருமகளையும் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டி வந்திருந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் மெஹர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டை அடைபட்டது, ஒரு பை ரத்தம்தான் தேவைப்பட்டது, அது குழந்தை பேரில் எடுத்து வைத்திருந்ததுதான் என்றார் டாக்டர். கண்மணி உடனே செல்வராஜுக்குப் போன் போட்டாள்.

நாலாம் நாள் நெஞ்சுக் கட்டைப் பிரித்திருந்தார்கள். மலீஹா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜுலைகா ஆன்ட்டி கட்டில் ஓரம் உட்கார்ந்து குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி முடித்தார். குழந்தை அவரைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது.

"உம்மா, கேன் ஐ ஷோ ஹர்?"

மெஹர் எழுந்து வந்து சட்டையின் மேல் இரண்டு பட்டன்களைத் தானே கழற்றினாள்.

"காட்டு," என்றாள்.

ஜுலைகா ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நேராத்தான் தச்சிருக்கான்," என்றார். "ராமநாதபுரத்துல எனக்குப் போட்ட தையல் கோணல்."