கைடு மாமாவின் தலைப்பாகை

கைடு மாமாவின் தலைப்பாகை ஆரஞ்சு நிறம். சென்னையில் நாடக உடுப்பு வாடகைக்கு விடும் கடையில் விலைக்குக் கேட்டு வாங்கி வந்தது. பளபளக்கும் நைலான் துணி, நெற்றிப் பக்கம் கண்ணாடிக் கல் பதித்த ஒரு தகடு. காஞ்சிபுரத்தில் அப்படி ஒன்றை வேறு யார் தலையிலும் நான் பார்த்ததில்லை. வெயிலுக்குத் துண்டு போடுவார்கள், கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள், அவ்வளவுதான். மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களைக் கோயிலுக்கும் தறி ஓடும் வீடுகளுக்கும் அழைத்துப் போவது அவர் பிழைப்பு. பஸ் வரும்வரை மஞ்சள் பையில் சுருண்டு கிடக்கும் தலைப்பாகை, ஹாரன் சத்தம் கேட்டதும் தலைக்கு ஏறிவிடும். கூடவே குரலும் மாறிவிடும். மூக்கால் பேசுவார், கூப்பிய கையோடு நடப்பார், எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவார். பஸ் கிளம்பியதும் அதைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டீ போடுபா, சக்கர கம்மியா" என்பார். அது அவருடைய சொந்தக் குரல்.

கதைகளும் சொந்தம்தான். ஒவ்வொரு தறியிலும் முதலில் இறங்கும் சேலை கோயில் குளத்துப் பாம்புக்குப் போகும் என்பார். நெசவாளர்கள் தறியில் உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டார்கள், அது பரம்பரை விரதம் என்பார். "ஏன் மாமா இப்டி புளுகுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நெஜத்த சொன்னா பஸ்லயே குந்திக்கினு இருக்காங்கம்மா. பாம்புன்னா எறங்கி ஓடியாறாங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை அழைத்து வந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலை அப்பாவின் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்பவர் உடலுக்கான நூல் வைத்த நாடாக் கட்டையை ஓட்டுவார். கரைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு இழைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா "போடு" என்பார், கரைப் பக்கமிருந்து நான் "போட்டாச்சு" என்பேன். நடுவில் பால்காரர் முதல் பக்கத்து வீடு வரை எல்லார் கதையும் ஓடும். அன்று மாமா வாசலிலேயே, பேச வேண்டாம் என்று கண்ணைக் காட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் மைத்துனர் மானம் போகக் கூடாது என்று அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். காமிராக்கள் மின்னின. குரல் வராததால் நான் ஒரு இடத்தில் முந்தினேன், இன்னொரு இடத்தில் பிந்தினேன். பஸ் போன பிறகு பார்த்தால், கரை உடலை விட்டு விலகி ஓட்டையும் பிசிறுமாக நின்றது. அப்பா அதைப் பிரிக்க உட்கார்ந்தார். அதன் பிறகு மாமா எங்கள் தெரு வழியாக வருவதையே கொஞ்ச காலம் விட்டுவிட்டார்.

மாமா போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது அவர் என் மகளுடைய கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் கம்ப்யூட்டரில் ஆடுவது, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் சேர்ந்து ஆடும் ஒரு மாயாஜால விளையாட்டு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசியபடியே ஆடுவார்கள். ஒருநாள் அவளே என்னை உட்கார வைத்து அதில் வரும் நாடுகளைச் சுற்றிக் காட்டினாள். வடக்கே பனிமலை. அங்கே இருக்கும் ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கொடி, தனிச் சட்டம், பாட்டன் பூட்டன் பெயர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு குட்டி ஓடையின் பெயருக்குக்கூடக் காரணம் உண்டு. தெற்கே வந்தால் எல்லாரும் ஒரே ஜனம், ஒரே முகம். பெயர் 'நெசவுக் கூட்டம்'. கறுத்த உடம்பு, கழுத்தில் பாம்பு, தலையில் ஆரஞ்சுத் தலைப்பாகை. துணி விற்பார்கள், விஷம் விற்பார்கள், சாபம் கொடுப்பார்கள். வாய் திறந்தால் "எஸ் மாஸ்டர்". பின்னால் நம் கோபுரம் போலவே ஒரு கோபுரம், அதன் நிழலில் ஒட்டகம். காஞ்சிபுரத்தில் ஒட்டகம்! நானும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள்தான். பிள்ளைகள் வரைபடத்தில் ஊரை மாற்றிக் குறித்தால் பொறுமையாகத் திருத்துவேன். இதை யாரிடம் போய்த் திருத்துவது? குதிரை மூச்சு விட்டால் பனிக்காற்றில் புகை வருகிற மாதிரி வரையத் தெரிந்தவர்களுக்கு, நெய்கிறவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வரும் என்று தோன்றவில்லை. அந்த ஜனத்தின் விரதம் என்ன தெரியுமா? தறியில் உட்கார்ந்தால் பேச மாட்டார்களாம். இது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. மாமா மாதிரி ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார்.

அதோடு போயிருந்தால் எரிச்சலோடு முடிந்திருக்கும். போன வாரம் சாயங்காலம் அவளுக்குக் காபி கொண்டுபோனேன். திரையில் அவள் பனிமலைக் குலத்து வீராங்கனை. எதிரே யாரோ ஒருவர் நெசவுக் கூட்டத்து ஆளாக நின்றிருந்தார். அவரைப் பார்த்து என் மகள் ஆண்குரலில் மைக்கில் பேசினாள்: "எஸ் மாஸ்டர்! குட் க்ளாத் மாஸ்டர்! நோ மிக்சிங் மாஸ்டர்!" ஹெட்போனுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் கூட்டாளிகளின் சிரிப்பு.

'நோ மிக்சிங்' அந்த விளையாட்டில் கிடையாது. அது தறி நெய்யும் என் கணவருடையது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் சேலையை விரித்துப் போட்டு, "ப்யூர் சில்க் சார், நோ மிக்சிங் சார்" என்பார். 'சார்' மட்டும் 'மாஸ்டர்' ஆகியிருந்தது. மற்றபடி அந்த இழுவை, முடிவில் மூச்சு வாங்குவது, ஒன்று விடாமல் அப்படியே இருந்தது.

முன்கட்டில் தறியிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "யாருமா அது? என்ன மாதிரியே பேசிக்கினு கீறான்!" குரலில் ஒரே சந்தோஷம்.

மகள் மைக்கை அணைத்தாள். "யாரோ ஒரு லூசுப்பா" என்றாள்.

"பரவால்ல, நல்லா பேசுறான்" என்றார் அவர்.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "மொதல்ல நானும் அந்தக் கூட்டம்தாம்மா எடுத்தேன். நம்மள மாதிரி இருந்துச்சேன்னு" என்றாள். மூட்டை தூக்கச் சொல்வார்களாம், பாம்பை விடு என்பார்களாம். அதெல்லாம் விளையாட்டு என்றே இருந்தாளாம். ஒருநாள் மைக்கில் பேசியதும், இவள் நிஜமாகவே இப்படித்தான் பேசுகிறாள் என்று விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "அப்புறம் மாறிட்டேன். அவங்களுக்கு முன்னாடி நானே பேசி சிரிக்க வச்சிட்டா, என்ன யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க இல்ல." அடிக்கக் கை எழவில்லை, அணைக்கவும் எழவில்லை. காபி ஆறிப்போனது. மாமா பஸ் போனதும் கழற்றிவிடுவார். இவள் எங்கே போய் எதைக் கழற்றுவாள்?

சனிக்கிழமை கரைப் பக்கம் உட்காரும் பெண் பக்கத்து ஊரான தாமலில் கல்யாணம் என்று போய்விட்டாள். என் கணவர் மகளைக் கூப்பிட்டார். சமையல்கட்டில் நின்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "போடு" என்றார். பதில் இல்லை, நாடா ஓடும் சத்தம் மட்டும். மறுபடி "போடு". மறுபடி அதே மௌனம். விளையாட்டில் வரும் அந்த ஊமைக் கூட்டம் என் வீட்டு முன்கட்டில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் தறி நின்றது.

"த பாரு, கரை கழண்டுக்கினு போவுது. வாய்ல இன்னா கொழுக்கட்டையா? போட்டியா இல்லியான்னு எனக்கு எப்டிமா தெரியும்?"

"போட்டேன்ப்பா! நீதான் அவசரப்பட்டுக்கினு இழுத்துட்ட!"

கத்தினாள். எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும். நான் அடுப்பை அணைத்தேன்.

இருவரும் பிரிக்க உட்கார்ந்தார்கள். நெய்து சுருட்டிய பாகத்தின் மேல் தூசு விழாமல் போட ஒரு துணி கேட்டார். பரணில் கைக்கு முதலில் அகப்பட்டது மாமாவின் மஞ்சள் பை. மகளின் பள்ளி மாறுவேடப் போட்டிக்கென்று மாமி கொடுத்தது அப்படியே கிடந்தது. இதற்காவது உதவட்டும் என்று தலைப்பாகையை முழுசாக அவிழ்த்துக் கொண்டுபோனேன். ஈரக் கையில் அதற்குள் ஆரஞ்சு ஏறியிருந்தது.

அவர் துணியையும் என் கையையும் பார்த்தார். "இது சாயம் விடும்மா. பட்டு மேல படாம எடுத்துக்கினு போ."