வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்

வடக்கே இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத் துறையில் தமிழ் தெரிந்த ஆசிரியை நான் ஒருத்திதான். அதனால்தான் டீன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

முதலாண்டு எம்.எஸ்ஸி. மாணவன் ஒருவன் உயிரை விடப் பார்த்திருந்தான். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் பிழைத்தான். அவனுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டர்கூட இல்லாமல், காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பையனுக்கு டிப்ரஷன், குடும்பத்தோடு இருப்பதுதான் நல்லது என்று சொல்லுங்கள்" என்றார் டீன்.

நான் இங்கேயே ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். மனச்சோர்வு என்ற சொல் தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மனசுக்கு உடம்பு சரியில்லாம போயிருக்குங்க" என்றேன்.

"யாரும் அடிச்சாகளா, டீச்சர்?"

"இல்லைங்க."

"பெறகு என்னத்துக்கு இப்படி?"

அதையே டீனிடம் கேட்டேன். "கவுன்சலர் இருக்கிறார். அவன்தான் போகவில்லை" என்றார்.

போயிருக்கிறான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அவனே என்னிடம் சொன்னான். "இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல, வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சு மேடம். யோகா பண்ணச் சொன்னாங்க. அடுத்த தேதி பரீட்சை முடிஞ்சுதான் கெடச்சுது."

இதை டீனிடம் சொன்னேன். "அச்சா, விசாரிக்கிறேன்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்கயே வச்சு வைத்தியம் பாக்க முடியாதா? எங்க ஊர்ல இதுக்குன்னு டாக்டர் இல்ல. திருநவேலிக்குத்தான் போவணும்" என்றார் அப்பா.

"இது யுனிவர்சிட்டி, ஆஸ்பத்திரி இல்லை" என்றார் டீன். நான் "முடியாதாம்" என்று மட்டும் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார். "அவன் மேல தப்பு ஒண்ணுமில்லையே?"

"இல்லவே இல்லைங்க." இதற்கு நான் யாரையும் கேட்கவில்லை.

ஜூலையில் பையன் திரும்பி வர ஆசைப்பட்டான். சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஹாஸ்டல் கிடையாது, அப்பாவோ அம்மாவோ கூடத் தங்க வேண்டும் என்று பதில் வந்தது. டீனைப் பார்க்க மறுபடி மறுபடி போனேன். மற்ற மாணவர்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டுமே என்றார். அவனுடைய பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்டேன். குடும்பத்தின் பொறுப்பு என்றார்.

அவன் வரவில்லை. அந்த அறையை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தீபாவளி சமயம் அப்பா போன் செய்தார். மகன் மொபைல் கடையில் வேலைக்குப் போகிறானாம். "சாப்பிடுதான். தூங்குதான். பேச்சுதான் கொறஞ்சு போச்சு." பிறகு கேட்டார்: "அங்கன யாராச்சும் மொதல்லயே அவனக் கவனிச்சிருந்தா படிச்சு முடிச்சிருப்பான், இல்லியா டீச்சர்?"

"ஆமாங்க" என்றேன்.

பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தார்.